திங்கட்கிழமைத் தலைவலி: இது வலியா, பயமா?

ஆயர் ஈத்தாம் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 11 வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. எட்டு வயதில் ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காத, துறுதுறுவென்று இருக்கிற கோளாறு என்றார்கள். போன வருடம் பதற்றக் கோளாறும் இருக்கிறது என்றார்கள். ஏடிஎச்டிக்குக் காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஒன்று, பள்ளி நேரம் முழுக்கத் தாங்கும் வகை. அரசாங்க மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டிக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது இந்தத் தலைவலி.

வரும்போது முதலில் முகம் வெளுக்கும். நெற்றி முழுக்க வலி என்பான், இரண்டு பக்கமும். காற்றாடிச் சத்தம்கூட ஆகாது. மாமியார் மீன் பொரித்தால் அந்த வாடைக்கே குமட்டும். ஒருமுறை வாந்தி எடுப்பான், பிறகு சுருண்டு படுத்துத் தூங்குவான். இரண்டரை, மூன்று மணி நேரம். எழுந்ததும், எதுவுமே நடக்காத மாதிரி, "மா, மேகி போட்டுத் தாங்க" என்பான்.

அந்த மேகிதான் பிரச்சினை. மத்தியானம் செத்துப்போகிற மாதிரி கிடந்த பையன் சாயங்காலம் மேகி தின்கிறானே, அப்போது அது நடிப்புதானே என்கிறார்கள். பள்ளியில் ஓர் ஆசிரியர் என்னிடமே சொன்னார்: "ஒற்றைத் தலைவலி என்றால் ஒரு பக்கம்தானே வலிக்கணும்? இவனுக்கு ரெண்டு பக்கமும் எப்படி வலிக்கும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவும் திங்கட்கிழமை பார்த்து வருகிறது. பள்ளியிலிருந்து போன் வந்தால் நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லைனை விட்டுவிட்டு ஓட வேண்டும். இந்த வருடம் எடுத்த விடுப்பைப் பார்த்து சூப்பர்வைசர் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் "பதற்றத்தால் வருகிறது" என்று எழுதி எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார்கள். மாமியார் கண்ணேறு என்றார். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டோம். கண்ணேறு இருந்தால் மிளகாய் கமறாதாம். அன்று வீடே கமறியது. அவன் இரண்டாவது முறை வாந்தி எடுத்தான்.

நான் கோடாலித் தைலம் தடவி, வலி முற்றிய பிறகு பனடோல் பாதி மாத்திரை கொடுக்கிறேன். சில வாரம் ஐந்து நாளும் கொடுத்திருக்கிறேன்.

என் கேள்வி இதுதான். இதில் எது வலி, எது பள்ளிக்கூடத்துப் பயம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வலி என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பயம் என்றால் அனுப்பத்தானே வேண்டும்? தினமும் காலை ஆறரைக்கு அவன் முகத்தைப் பார்த்து இதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.


செந்தூல் அப்பா:

அக்கா, உங்கள் கேள்வியை நானும் ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு இப்போது 15. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து எடுக்கிறாள், மைக்ரேனும், அதாவது ஒற்றைத் தலைவலியும், உண்டு. பிரித்துப் பார்க்கிறேன் பேர்வழி என்று நான் செய்ததைச் சொன்னால் திட்டுவீர்கள். தலைவலி என்று படுத்தால் பத்து நிமிடம் கழித்துக் கதவை மெதுவாகத் திறந்து பார்ப்பேன், போனைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று. ஒருநாள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு தலைவலி வந்தால் என்னிடம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். அவள் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், பக்கத்து அறையிலிருந்து.

அதனால் சொல்கிறேன், பிரிக்காதீர்கள். பதற்றம் தலைவலியைக் கிளப்பும், தலைவலி எப்போது வருமோ என்ற நினைப்பு பதற்றத்தைக் கிளப்பும். கோழியா முட்டையா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறது. பயத்தால் வந்த வலியும் வலிக்கத்தான் செய்யும்.

வீட்டிலா, பள்ளிக்கா என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். தலைவலி என்றால் நம்புவோம், கேள்வி கேட்க மாட்டோம். ஆனால் தலைவலி நாள் என்றால் திரைச்சீலை போட்ட அறை, தண்ணீர், மாத்திரை, தூக்கம் மட்டும்தான். போன் கிடையாது, டிவி கிடையாது. இது தண்டனை இல்லை, வெளிச்சமும் சத்தமும் ஆகாதவளுக்கு அதுதான் வைத்தியம் என்று முதலிலேயே பேசி வைத்தோம். எழுந்து தெளிந்தால் அன்றைக்குச் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் செய்வாள். மறுநாள் பள்ளி உண்டு. காலை ஆறரைக்கு நான் நீதிபதியாக நிற்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

இன்னொன்று, இது முக்கியம். நரம்பியல் டாக்டர் ஒரு பக்கம், மனநல டாக்டர் ஒரு பக்கம் என்று போகும்போது ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது. மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுக்க ஃபுளூனாரிசின் என்ற மருந்தைப் பேச்சில் எடுத்தார்கள். மகளுக்கு மனச்சோர்வு மருந்து ஓடுகிறது என்று நான் வாயைத் திறந்த பிறகுதான், அப்படியானால் இது வேண்டாம் என்றார்கள். மனச்சோர்வு இருக்கிறவர்களுக்கு அதைக் கூட்டிவிடக்கூடிய மருந்தாம் அது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? அன்றைக்கே ஒரு நீலக் கோப்பு வாங்கினேன். முதல் பக்கத்தில் எல்லா மருந்தும், அளவும், யார் எழுதியது என்பதும். எந்த அறைக்குள் போனாலும் உட்காருவதற்கு முன் மேசையில் அதை வைப்பேன்.

தலைவலி வந்த நாளைக் குறித்து வையுங்கள். ஆப் எதுவும் வேண்டாம், சமையலறை நாள்காட்டி போதும்.


முன்னாள் மருந்தாளர், ஜார்ஜ்டவுன்:

அம்மா, முப்பது வருடம் மருந்துக் கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் சில விஷயம். உங்கள் பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் உறுதி செய்துகொண்டே எதையும் மாற்றுங்கள்.

முதலில் அந்த ஆசிரியருக்குப் பதில். ஒற்றைத் தலைவலி என்ற பெயர் பெரியவர்களைப் பார்த்து வைத்தது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றியின் இரண்டு பக்கமும்தான் வலிக்கும். நேரமும் குறைவு. பெரியவர்களுக்கு நான்கு மணி நேரமாவது நீடிக்கும் என்று கணக்கு, பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரமே போதும். தூங்கி எழுந்தால் பளிச்சென்று ஆவதும் மைக்ரேனின் குணம்தான். ஆக, அந்த மேகி உங்கள் மகனுக்குச் சாதகமான சாட்சி.

இரண்டாவது, மாத்திரை. நீங்கள் குறைவாகவும் தாமதமாகவும் கொடுக்கிறீர்கள், அதே சமயம் அடிக்கடியும் கொடுக்கிறீர்கள். மூன்றும் தப்பு. பிள்ளைக்கு எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். பனடோலில் இருக்கிற பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஐபுபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்து கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை. 32 கிலோ பையன் என்றால் பாராசிட்டமால் 480. நீங்கள் கொடுக்கும் பாதி மாத்திரை 250. வலி தொடங்கிய உடனே கொடுத்தால்தான் பிடிக்கும். முற்றினால் வயிறு வேலை செய்வதைக் குறைத்துக்கொள்ளும், மருந்து உள்ளே கிடக்கும். ஆனால் வாரம் இரண்டு, மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். ஐபுபுரோஃபென் வெறும் வயிற்றில் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், நம் ஊரில் டெங்கி இல்லை என்று தெரிகிற வரை. ஆஸ்பிரின் 16 வயதுக்குக் கீழே கிடையாது.

மூன்றாவது, நான் உங்களைக் கேட்கிறேன்: ரேஹாட் நேரத்தில், அதாவது பள்ளி இடைவேளையில், பையன் சாப்பிடுகிறானா? மெத்தில்ஃபெனிடேட் பசியைக் கெடுக்கும். அந்த மருந்துக்கே தலைவலி ஒரு பக்கவிளைவு. அதோடு பட்டினியும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். காலையில் எத்தனை மணிக்குப் பசியாறினான், தண்ணீர்ப் போத்தல் நிரம்பியே திரும்பி வருகிறதா, இதையும் நாள்காட்டியில் எழுதுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். செந்தூல் தம்பி, மகள் சாப்பிடுகிற மனச்சோர்வு மருந்துகளுக்கும் இதையேதான் சொல்வேன். திடீரென்று நிறுத்தினால் அதற்கே தலைசுற்றல், தலைவலி வரும்.

தடுப்பு மருந்து கிடைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் வெளியானது. அமிட்ரிப்டிலின் என்ற தடுப்பு மருந்து எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், டோபிராமேட் என்ற இன்னொன்றை எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும் தலைவலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. சும்மா சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களில்? 61. பாதியிலேயே ஆய்வை நிறுத்திவிட்டார்கள். அதற்காக மருந்தே வீண் என்று நான் சொல்லவில்லை, சிலருக்குத் தேவைப்படும். 2013இல் வந்த இன்னோர் ஆய்வில், அமிட்ரிப்டிலினோடு நடத்தைச் சிகிச்சையும், அதாவது மூச்சு, தளர்வுப் பயிற்சி, நினைப்பை மாற்றிப் பார்ப்பது, சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நல்ல பலன். உங்கள் மகனுக்கு மனநலப் பிரிவில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். பதற்றத்துக்குச் சொல்லித்தருகிற அதே பயிற்சியைத் தலைவலிக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். வரிசையில் புதிதாக நிற்க வேண்டாம் பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற தலைவலி, விடிந்ததும் வாந்தி, நடை தடுமாறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பிறகு வருவது, சட்டென்று இடி விழுந்த மாதிரி வருவது. இதில் எது வந்தாலும் நாள்காட்டி பார்த்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.


காலைநடை:

எல்லாம் போன்தான். எங்கள் காலத்தில் தோட்டத்தில் ஐந்து மைல் நடந்து பள்ளிக்குப் போனோம், யாருக்கும் மைக்ரேனும் இல்லை, பதற்றமும் இல்லை. போனைப் பிடுங்கிப் பாருங்கள், ஒரே வாரத்தில் சரியாகும்.


ஆயர் ஈத்தாம் அம்மா:

காலைநடை ஐயா, என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்தான். மாதத்தில் இரண்டு நாள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டில் படுத்திருப்பார். "பாட்டிக்கு மண்டையிடி" என்போம். பெயர்தான் வேறு. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்று உண்மை, சனி ஞாயிறு ராத்திரி ஒரு மணி வரை கேம் விளையாடுகிறான். அதையும் குறிக்கிறேன்.

மருந்தாளர் ஐயா, நன்றி. போன மாதத்தை எண்ணிப் பார்த்தேன். பனடோல் கொடுத்த நாள் 17. கை நடுங்கிவிட்டது. பசியாறுவதைக் கேட்டீர்கள். நான் கட்டிக்கொடுக்கிற நாசி லெமாக் அப்படியே திரும்பி வருகிறது, ஒரு ஸ்பூன்கூடக் குறையாமல். அடம் என்று நினைத்து அடித்துக்கூட இருக்கிறேன்.


பழைய மாணவன்:

அக்கா, நான் பெற்றோர் இல்லை. எனக்கு 23 வயது, பட்டர்வொர்த். உங்கள் மகன் மாதிரிப் பிள்ளையாக இருந்தவன். எனக்கு ஓசிடியும், அதாவது ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்து விடாத கோளாறும், மைக்ரேனும். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தலைவலிக்கு முன்னால் என் கண்ணுக்கு ஒன்று தெரியும். ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம், ரம்பத்தின் பல் மாதிரி, மினுக்கிக்கொண்டே பெரிதாகும். அது போகிற இடத்தில் எழுத்து காணாமல் போகும். ஆசிரியர் முகத்தில் பாதி இருக்காது. இருபது நிமிடம், அரை மணி நேரம். அப்புறம் வலி.

நான் அதை மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? மனநலப் பிரிவில் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "மற்றவர்களுக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிகிறதா? காதில் ஏதாவது கேட்கிறதா?" எதற்குக் கேட்கிறார்கள் என்று பத்து வயதிலேயே புரிந்துவிட்டது. வீட்டில் குழப்படி செய்தால் "தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய் விட்டுவிடுவேன்" என்று சித்தப்பா விளையாட்டாகச் சொல்வார், அங்கேதான் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் நேராக அங்கேதான் என்று நினைத்தேன். அதனால் "இல்லை டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். பைத்தியம் முற்றுகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பதற்றம் கூடியது, தலைவலி கூடியது. வலியைவிட அந்த இருபது நிமிடம்தான் எனக்கு நரகம்.

கடைசியில் கண்ணாடிக் கடையில்தான் வெளியே வந்தது. கண் பரிசோதித்தவர் சும்மா கேட்டார், சொல்லிவிட்டேன். "இது ஆரா, மைக்ரேனுக்கு முன்னால் சிலருக்கு வரும், மூளைதான் செய்கிறது, கண்ணில் கோளாறு இல்லை" என்று சாதாரணமாகச் சொன்னார். கடைக்கு வெளியே வந்து அழுதேன் லா. அது வந்தால் மாத்திரை போட வேண்டிய நேரம் என்று இப்போது தெரியும். அலாரம் மாதிரி.

உங்கள் மகனுக்கு இது இருக்கிறதோ இல்லையோ, தெரியாது. எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள், இது தெரிந்தால் பைத்தியம் இல்லை என்று. நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்காதீர்கள். கார் ஓட்டிக்கொண்டே கேளுங்கள்.


ஆயர் ஈத்தாம் அம்மா:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், இடையில் இரவு ஷிப்ட்.

நாள்காட்டியில் தலைவலி நாளுக்குச் சிவப்பு வட்டம், சாப்பாடு திரும்பி வந்த நாளுக்கு ஒரு புள்ளி. மாமியார் மூன்றாம் நாளே கவனித்துவிட்டு, அமாவாசைக்கு அமாவாசை வருகிறது பார் என்றார். பார்த்தோம். அமாவாசையில் ஒரு வட்டமும் இல்லை. புள்ளியும் வட்டமும் சேர்ந்துதான் நிறைய நாள். திங்கட்கிழமைக்கும் காரணம் தெரிந்தது: ஞாயிறு பதினொரு மணி வரை தூக்கம், திங்கள் ஐந்தரைக்கு எழுப்புதல், வெயிலில் பெர்ஹிம்புனான் என்ற பள்ளிக் கூட்டம், வெறும் வயிறு. பள்ளிக்கூடத்துப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயமும் உண்டு. ஆனால் வரிசையில் அது நான்காவதாக நிற்கிறது.

இப்போது மாத்திரைக்கு முன்பே இட்லி. ரேஹாட்டுக்கு நாசி லெமாக்குக்குப் பதில் ஒரு வாழைப்பழமும் பாக்கெட் மைலோவும். அது மட்டும் இறங்குகிறது. சாயங்காலம் மருந்தின் வேகம் குறைந்ததும் நல்ல பசி, அப்போது முழுச் சாப்பாடு. சனி ஞாயிறு எட்டு மணிக்கு எழுப்புகிறேன், வீட்டில் தினமும் போர்தான். பள்ளி ஆலோசக ஆசிரியை நல்லவர். பெர்ஹிம்புனானில் நிழலில் நிற்கவும் வலி வந்தால் ஓய்வறையில் விளக்கை அணைத்துப் படுக்கவும் ஏற்பாடு செய்தார். வலி மாத்திரை ஒன்றை அவரிடமே கொடுத்து வைத்திருக்கிறேன், டாக்டர் கடிதத்தோடு. முதல் மாதம் 14 வட்டம். இந்த மாதம் இதுவரை 6. நடுவில் ஒரு வாரம் ரொம்ப மோசமாக இருந்தது, பனடோல் குறைத்ததாலோ என்னவோ. அந்த வாரம் இதெல்லாம் வீண் என்று நாள்காட்டியைக் கிழிக்கப் போனேன்.

பழைய மாணவன் தம்பிக்கு. நீங்கள் சொன்ன மாதிரியே, காரில், மழையில், ஆயர் ஈத்தாம் ரவுண்டபவுட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது கேட்டேன். பதில் இல்லை. வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பென்சிலை எடுத்து நாள்காட்டியின் பின்பக்கத்தில் வரைந்தான். தீபாவளிக்கு நான் போடுகிற கோலத்தின் வெளி ஓரம் மாதிரி, வளைந்து, கூர் கூராக. நடுவில் வெறுமை. "இங்க எழுத்து இருக்காது மா" என்றான். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். மூன்றாம் ஆண்டிலிருந்தாம். மனநலப் பிரிவில் அந்தக் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை அப்பாயின்மென்ட். அந்தத் தாளைக் கோப்பில் அவனே வைத்தான். "டாக்டர்கிட்ட நீங்க சொல்லுங்க, நான் படத்தைக் காட்டுறேன்" என்று ஒப்பந்தம்.

செந்தூல் அப்பா, அந்த நீலக் கோப்பு எந்த மாதிரி? இங்கே கடையில் கிடைத்தது ஒரே மாதத்தில் முதுகு கிழிந்துவிட்டது.